போடியார் முதல் கூட்டுத்தாபனம் வரை: அம்பாறைக் கரையோரத்தில் உழைப்போர் நலம்

தொழில் நிலையமொன்று தன் ஊழியரின் உடல் நலத்தையும் தொழிற் பயிற்சியையும் உயிர்ப் பாதுகாப்பையும் பேணவேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறியாகும். சர்வதேசத் தொழில் அமைப்பு 1919ஆம் ஆண்டு தோன்றியது. இலங்கை 1948இல் அதன் உறுப்பு நாடாயிற்று. பாதுகாப்பும் சுகமும் உடைய வேலைச் சூழல் உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென அவ்வமைப்பு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. ஆயின், இக்கடமை எவரைச் சாரும், எவர்பொருட்டுச் சாரும் என்னும் வினாக்களுக்கு எல்லா இடங்களிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. ஆலைகள் நிறைந்த நகரங்களில் முதலாளி யார், தொழிலாளி யார் என்பது ஆலையின் வாயிலிலேயே புலனாகிவிடும். வயலும் கடலும் தறியுமே வாழ்வாக அமைந்த ஊர்களில் அது அத்துணை எளிதிற் புலனாவதில்லை. கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோரத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

வடக்கே மருதமுனை தொடக்கம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிக் கடலோரமாக நெருங்கியமைந்த ஊர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அவற்றிடையே காரைதீவு, பாண்டிருப்பு போன்ற தமிழ் ஊர்களும் உள. சற்று உள்ளே சம்மாந்துறை உளது. கிழக்கே கடல், மேற்கே பரந்த வயல்வெளி. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. எனவே மட்டக்களப்புத் தேசத்துக்குரிய வேளாண்மை மரபுகளே இங்கும் வேரூன்றியிருந்தன.

போடியாரும் முல்லைக்காரனும்

அம்மரபுகளின் நடுநாயகமாக விளங்கியவர் போடியார். பெரும் வயற்பரப்புக்கு உடைமையாளராகிய போடியார் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இருந்தனர். அவருடைய வயலைச் செய்தவன் முல்லைக்காரன். விதைப்புக் காலம் தொடங்கி அறுவடை முடியும்வரை முல்லைக்காரனும் அவன் குடும்பமும் உண்பதற்கு வேண்டிய நெல்லையும் கைச்செலவுப் பணத்தையும் போடியார் முன்கூட்டியே கொடுப்பார். சூடு மிதித்துப் பொலி அளக்கும் நாளிலே அவை யாவும் கணக்கிட்டுக் கழிக்கப்படும். நீர்ப் பங்கீட்டையும் வேலி, காவல் முதலிய பொது வேலைகளையும் மேற்பார்வை செய்ய வட்டவிதானை இருந்தார். வயல்வாடியிலே மாதக்கணக்காகத் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்து, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே உழைத்தவன் முல்லைக்காரனே.

இவ்வமைப்பிலே இன்று ஊழியர் நலன் எனப்படுவதன் சில கூறுகள் ஒருவகையில் அடங்கியிருந்தன என்பதை மறுத்தல் இயலாது. முல்லைக்காரன் நோயுற்றால் வைத்தியனுக்கான செலவும், அவன் வீட்டிற் கலியாணம் வந்தால் அதற்கான உதவியும் போடியாரிடமிருந்தே எதிர்பார்க்கப்பட்டன. இளைஞன் ஒருவன் தந்தையோடும் தமையனோடும் வயலில் இறங்கி, மடை திருப்பவும் வரம்பு கட்டவும் நெல்லின் பருவம் அறியவும் பயின்றான். தொழிற் பயிற்சி என்பது அதுவே. முஸ்லிம் ஊர்களிலே விளைச்சலிலிருந்து வழங்கப்படும் சக்காத்தும், குடிமுறையும், அக்குடிகளின் சார்பிற் பள்ளிவாசற் பொறுப்பில் இருந்த மரைக்காயரின் நடுவமும் வறியவனை முற்றாகக் கைவிடாத ஏற்பாடுகளாக விளங்கின. உழைத்தவனின் கூலியைத் தாமதியாது கொடுத்தல் வேண்டும் என்னும் மார்க்க நெறி இவ்வூர்களில் அனைவரும் அறிந்ததொன்று.

ஆயினும் இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. வைத்தியச் செலவு கொடையாக வந்ததா, கடனாக வந்ததா என்பதைத் தீர்மானித்தவர் போடியாரே. அக்கடன் அடுத்த போகத்துக்கும் நீண்டால், உழைப்பவன் அதே வயலோடும் அதே வாசலோடும் பிணிக்கப்பட்டான். பரிவுடைய போடியாரிடம் வாய்த்தவன் வாழ்ந்தான், ஏனையோர் தாழ்ந்தனர். கேட்டுப் பெறுவதற்கு உரிமை இல்லாதவிடத்துக் கிடைத்தது நலன் அன்று, தயவேயாம். இவ்வேறுபாடே இப்பகுதியின் பிற்கால வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும்.

சட்டம் வந்த வழி

தயவை உரிமையாக்கும் முயற்சி மேனாட்டிற் கைத்தொழிற் புரட்சியோடு தொடங்கியது. ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க்கில் ரொபேட் ஓவன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ஆலைத் தொழிலாளருக்கு வீடும் அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் அமைத்துக் காட்டினார். எனினும் ஒருவரின் நன்மனத்தை எல்லா ஆலைகளிலும் எதிர்பார்த்தல் இயலாதாகையால், பிரித்தானியப் பாராளுமன்றம் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்சாலைப் பரிசோதகர்களை நியமித்தது. இந்தியாவில் ஜம்ஷெட்பூரின் தாதா இரும்பாலை, சட்டம் வற்புறுத்துவதற்கு முன்னரே, 1912இல் எட்டு மணிநேர வேலையை நடைமுறைப்படுத்தியது.

இலங்கையில் இத்துறைச் சட்டங்களிற் பெரும்பாலானவை 1930களிலும் 1940களிலும் இயற்றப்பட்டன. வேலை செய்யும்போது விபத்துற்றவனுக்கு வேலைகொள்வோர் நட்டஈடு வழங்கவேண்டுமென 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் தொடர்ந்தன. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்குக் காப்பு வேலி இடுதல், காற்றோட்டம், வெளிச்சம், துப்புரவு ஆகியவற்றை வேலைகொள்வோரின் கடமையாக்கியது. சுதந்திரத்தின் பின்னர் 1954இல் கடை காரியாலய ஊழியர் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தன. முந்தியது நாளொன்றுக்கு 8 மணியும் கிழமைக்கு 45 மணியும் என வேலை நேரத்தை வரையறுத்தது. பிந்தியது முதுமைக்கான சேமிப்பில் வேலைகொள்வோரையும் பங்கேற்கச் செய்தது.

கல்முனைக் கரையோரத்தில் இச்சட்டங்கள் எவரைத் தொட்டன? கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் நின்ற பணியாளரைத் தொட்டன. வயல்சார்ந்த ஊர்களில் எழுந்த அரிசி ஆலைகளைத் தொட்டன. திறந்த வார்ப்பட்டிகளும் சுழலும் தண்டுகளும் உமித்தூசும் நெல்லவிக்கும் கொதிகலங்களும் நிறைந்த அரிசி ஆலை, 1942ஆம் ஆண்டுச் சட்டம் கருத்திற்கொண்ட ஆபத்துகள் பலவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொண்டதாகும். எனினும் இவ்வூர்களின் ஆலைகளிற் பல குடும்ப முயற்சிகள். வேலைசெய்வோர் உறவினராகவோ அயலவராகவோ இருப்பர். மருமகன் மாமனிடம் சேமலாப நிதி கேட்பதெங்ஙனம்? உறவு நெருங்கியவிடத்தில் உரிமையின் குரல் தாழ்ந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமோ பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட வேலையாளரைக் கொண்ட நிலையங்களையே கட்டுப்படுத்தியது; சிறிய ஆலைகளும் கடைகளும் இயல்பாகவே அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

வயலைப் பொறுத்தவரை 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டமே முதற் பெருமுயற்சி. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த இச்சட்டம் பயிர்செய்வோனை நிலத்தினின்று வெளியேற்றுவதைத் தடுக்கவும், அவன் செலுத்தும் வாரத்துக்கு உச்ச வரம்பிடவும், பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்கவும் வழிசெய்தது. ஆனால் முல்லைக்காரன் குத்தகையாளனா, பங்காளியா, கூலியாளனா? மூன்று தன்மைகளும் அவனிடம் கலந்திருந்தன. குத்தகையாளனாயின் நெற்காணிச் சட்டத்தின் துணை உண்டு. கூலியாளனாயின் நட்டஈட்டுச் சட்டத்தை நாடலாம். இரண்டுக்கும் இடைப்பட்டவனாகையால் இரண்டும் அவனுக்கு எளிதில் எட்டவில்லை.

கல்லோயாவும் அதன் வேலைத்தளமும்

இந்நிலையிலேதான் இப்பகுதியின் பின்புறத்தே மாபெரும் தொழில் நிறுவனமொன்று எழுந்தது. தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் அணைகட்டும் பணி 1949இல் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு, அதே ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அணைகட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றது மொறிசன் நூட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. 1930களிற் கொலராடோ நதியில் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் அக்கம்பனியும் ஒரு பங்காளியாக இருந்தது. ஹூவர் அணை வேலையில் உயிரிழந்தோர் 96 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. மேலிருந்து விழும் கற்களினின்று தப்பத் தொழிலாளர் தம் துணித்தொப்பிகளைத் தாரில் தோய்த்து இறுகச் செய்து அணிந்ததும், பின்னர் கம்பனியே வன்தொப்பிகளை வழங்கியதும் தொழிற் பாதுகாப்பு வரலாற்றிற் குறிப்பிடத்தக்க செய்திகளாகும். பாதுகாப்புச் சாதனத்தை முதலிற் கண்டுபிடித்தவர் ஆபத்தை அனுபவித்தவரே என்பது அதிலிருந்து பெறப்படும்.

கல்லோயாவில் அணையோடு அம்பாறை நகரும் எழுந்தது. வேலைமனைகள், குடியிருப்புகள், வைத்தியசாலை, பாடசாலைகள் என ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கும் குடியேறியோருக்கும் ஆற்றக்கூடிய பணிகள் பலவும் ஓரிடத்தில் ஒருங்கமைந்தன. இத்திட்டத்தோடு தோன்றிய ஹார்டி தொழில்நுட்பக் கல்வி நிலையம் இன்றும் அம்பாறையில் உயர் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்கிவருகின்றது. வயலில் தந்தையிடம் பயின்ற தொழிலுக்குப் பதிலாகப் பொறியியலையும் இயந்திரவியலையும் முறையாகப் பயிலும் வாய்ப்பு இம்மாவட்டத்துக்கு அவ்வழியே வந்தது.

ஆயின் வேலைத்தளப் பாதுகாப்பு என்பது இயந்திரத்துக்கு வேலியிடுவதோடு முடிவதன்று. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டி எழுந்த வன்செயல் கல்லோயாப் பள்ளத்தாக்கையும் பற்றிக்கொண்டது. தமிழர் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் உயிருக்கு அஞ்சிக் கிழக்கு நோக்கி ஓடினர். நாட்டின் மிகப் பெரிய அபிவிருத்தி முயற்சியின் வேலைத்தளத்திலே, பேசும் மொழியே ஒருவனின் உயிருக்கு ஆபத்தாயிற்று. வைத்தியசாலையும் குடியிருப்பும் கொடுத்த நிறுவனம், சகதொழிலாளனின் கையினின்று தொழிலாளனைக் காக்கும் வழியை வகுத்திருக்கவில்லை. நலன்புரி ஏற்பாடுகளை எண்ணிப் பட்டியலிடுவோர் இவ்வாண்டை மறத்தல் தகாது.

கல்லோயாவின் நீரை நம்பி எழுந்த பிறிதொரு நிறுவனம் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை. 1960இல் தொடங்கிய அது அரச கூட்டுத்தாபனத்தின்கீழ் இயங்கிப் பின்னர் 1997இல் மூடப்பட்டது. அரசு 51 விழுக்காடு பங்குடைய கல்லோயா பெருந்தோட்டக் கம்பனி 2007இல் அதனைப் பொறுப்பேற்று மீண்டும் இயங்கச் செய்தது. இங்கும் பழைய எல்லைக்கோடு தெரிகின்றது. ஆலையின் உள்ளே பணிபுரிவோன் ஊழியன். அவனுக்குச் சேமலாப நிதி உண்டு. வெளியே தன் காணியிற் கரும்பு நட்டு ஆலைக்கு வழங்கும் சிறு விவசாயி ஊழியன் அல்லன். ஆலை மூடப்பட்டபோது இருவரது வாழ்வும் ஒருங்கே தளர்ந்தது. ஆயின் ஊழியன் என்ற பெயரும் அப்பெயர்வழி வரும் உரிமையும் ஒருவனுக்கே இருந்தன.

தறியும் கடலும்

மருதமுனையின் கைத்தறி இப்பகுதிக்குப் பெருமை தேடித்தந்த தொழில். சாரமும் சேலையும் நெய்யும் ஒலி அவ்வூரின் ஒழுங்கைகளில் ஒருகாலத்தில் இடையறாது கேட்டது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது உள்நாட்டுத் துணிக்குக் கேள்வி பெருகியது, தறிகளும் பெருகின. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை மேற்கொள்ளப்பட்டபின் மலிவான வெளிநாட்டுத் துணி சந்தையை நிறைத்தது, நெசவு நலிந்தது. ஆலையொன்று மூடப்பட்டால் வேலையிழந்தோர் தொகை செய்தித்தாளில் வரும். வீட்டுத் தறியொன்று நின்றால், அது நின்றதென்பதை அவ்வீட்டாரே அறிவர்.

நெசவாளன் நாள்முழுதும் குனிந்திருந்து கால்மிதியை மிதித்து நாடாவை எறிகிறான். நூற்பஞ்சின் தூசு நுரையீரலிற் படிகின்றது. பஞ்சாலைத் தொழிலாளரிடம் அத்தூசு ஏற்படுத்தும் சுவாசநோய் மருத்துவ உலகம் நன்கறிந்தது. சாயம் தோய்க்கும் கைகள் இரசாயனத்தில் ஊறுகின்றன. மங்கிய ஒளியிற் பாவு நூலை எண்ணும் கண்கள் தளர்கின்றன. இவையெல்லாம் ஆலையில் நிகழ்ந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் விடயங்கள்; வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்தால் குடும்பத்தின் விதி! நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் வியாபாரி தன்னை வேலைகொள்வோன் எனக் கொள்வதில்லை. நெய்பவளாகிய பெண் தன்னைத் தொழிலாளி என்று கூறிக்கொள்வதுமில்லை. எனவே மகப்பேற்று நன்மைகள் சட்டம் இயற்றப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அது அவளுடைய தறியடிக்கு வந்து சேரவில்லை. வீட்டிலிருந்து உழைப்போரும் தொழிலாளரே என்பதைச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் தனிச் சமவாயமொன்றின் மூலம் வலியுறுத்தியமை இக்குறையை உணர்ந்தமையாலேயே ஆகும்.

கரைவலைத் தொழிலும் இத்தன்மையதே. வலைக்கும் தோணிக்கும் உரிய முதலாளி ஒருவர், வலையிழுப்போர் பலர், பிடிபட்ட மீனின் விலை பங்குகளாகப் பிரிக்கப்படும். பங்கு பெறுபவன் கூலியாளன் அல்லன் என்று கூறுவது எளிது. ஆனால் மீன் படாத நாளின் நட்டத்தையும் அலை கவிழ்க்கும் தோணியின் ஆபத்தையும் அவனே சுமக்கிறான். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இக்கரையின் வாழ்வைச் சிதைத்தன. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் முற்றாக அழிந்தன. வலையும் தோணியும் தறியும் ஒரே காலையில் நீரோடு சென்றபோது, நட்டஈடு கோருவதற்கு எதிரே நிற்கும் வேலைகொள்வோன் என எவருமே இலர். உதவி வந்தது, அது நிவாரணமாக வந்ததேயன்றி உரிமையாக அன்று. பின்னர் 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தையொட்டி வடபுறக் கடற்கரை அரிக்கப்பட்டபோது, கரைவலைத் தொழிலாளன் இழந்தது வெறும் மணலன்று. அதுவே அவனது வேலைத்தளம்.

வயலிலும் புதிய ஆபத்துகள் புகுந்தன. யானையும் பாம்பும் பழைய பகைகள். பூச்சிகொல்லி புதிய பகை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியாக, கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பொசுபரசு வகைகள் 1995அளவிலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. இத்தடைகளின் பின் நாட்டில் நஞ்சருந்தி இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. இங்கு கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஏனைய சட்டங்கள் வேலைகொள்வோனைத் தேடின. இச்சட்டம் ஆபத்தையே தேடிச் சென்றது. நஞ்சைச் சந்தையினின்று நீக்கியமையால், முல்லைக்காரனும் சிறுவிவசாயியும் நாட்கூலியும் வேறுபாடின்றிக் காக்கப்பட்டனர்.

பிற்கால ஏற்பாடுகள்

முதலாளியற்ற உழைப்பாளருக்கும் முதுமையிற் பாதுகாப்பு வேண்டுமென்பதை அரசு காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தது. கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 1987இலும், மீனவர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 1990இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றில் தவணைப் பணம் செலுத்துபவன் உழைப்பாளனே. போடியாருக்கோ வலைமுதலாளிக்கோ வியாபாரிக்கோ அதில் பங்கில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் இன்று 12 விழுக்காடும் ஊழியர் 8 விழுக்காடும் செலுத்துவதோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

1970களின் பிற்பகுதி தொட்டு இக்கரையோர இளைஞர் வளைகுடா நாடுகளுக்குப் பெயர்ந்தனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் பிறந்தது. மருதமுனையில் வீட்டுத் தறியில் எவர் கண்ணுக்கும் படாத உழைப்பாளி, தோஹாவிலோ ரியாதிலோ ஒப்பந்தமும் அடையாள அட்டையும் உடைய தொழிலாளியானான். ஆயின் அங்கே அவனுக்கு எதிராயிற்று வெயில். கோடை நண்பகலில் வெளிவேலையைத் தடைசெய்யும் விதியைக் கட்டார் 2021இல் விரிவாக்கி, ஜூன் முதலாந் திகதியிலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணிமுதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலையை நிறுத்தியது. அதே வெயிலில் இலங்கை வயலில் நிற்பவனுக்கு அத்தகைய விதி எதுவும் எழுதப்படவில்லை. உள்நாட்டில் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் தேசிய நிறுவகமொன்றை அமைத்துப் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் வழிகோலியது. அப்பணி ஆலை வாயிலைக் கடந்து தறியடிக்கும் வாடிக்கும் வருதல் வேண்டும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி தொழில்நோய்களைப் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டபோது, நோயாளியிடம் அவன் தொழில் யாதென மருத்துவர் வினவவேண்டுமென அறிவுறுத்தினார். கல்முனைக் கரையோர வரலாறு அவ்வினாவோடு மற்றொன்றையும் சேர்க்கின்றது: அத்தொழிலின் ஆபத்துக்குப் பொறுப்பாளி யார்? போடியார் தாம் விரும்பியவரைக் காத்தார். அபிவிருத்திச் சபையும் கூட்டுத்தாபனமும் தம் பதிவேட்டில் இருந்தோரைக் காத்தன. இரண்டுக்கும் வெளியே நின்றோரே இக்கரையின் பெரும்பான்மையோர். அவர்களுடைய உழைப்பால் இலாபமடைந்தோர் உளராயினும், வேலைகொள்வோர் என்ற பெயரை ஏற்றார் இலர். நிறுவனமொன்றின் ஊழியர் நலன், அதன் மண்டபத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பாலோ சுவரிற் தொங்கும் முதலுதவிப் பெட்டியாலோ மட்டும் அளவிடத்தக்கதன்று. அதன் இலாபத்துக்கு உழைப்போரிற் எத்தனைபேரை அது தன் ஊழியரென ஒப்புக்கொள்கிறது என்பதே முதல் அளவுகோல். அந்த ஒப்புதல் பெறப்படும் நாளிலேதான் வயலிலும் வலையிலும் தறியிலும் உழைப்போன் தயவை எதிர்பாராது உரிமையைக் கேட்கும் நிலையை அடைவான்.